அப்பாவுக்கு அணையைக் காட்டிய கதை: கோத்தகிரிக் காட்சிமுனைகள்

நான் பிறந்து வளர்ந்தது பவானிசாகரில். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் மேற்கே நீலகிரி தெரியும். அதை நாங்கள் மலை என்றுகூடச் சொல்வதில்லை. "மேக்க இருட்டுது, துணிய எடு" என்றால் மலையில் மழை என்று அர்த்தம். மலைக்குப் போய்வரும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அது மழை வரும் திசை, அவ்வளவுதான்.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். கீழ்பவானி வாய்க்காலில் மதகைத் திறப்பது, அடைப்பது, கரையில் எங்காவது கசிகிறதா என்று நடந்து பார்ப்பது என்று 31 வருடம் ஓட்டினார். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பேப்பர் வந்தால் முதலில் தேடுவது அணை நீர்மட்டத்தைத்தான். தலைப்புச் செய்தியெல்லாம் அப்புறம். அப்படிப்பட்டவர் ஒருநாள் கேட்டார்: "ஏங்கண்ணு, கொடநாட்ல நின்னு பாத்தா நம்ம டேம் முச்சூடும் தெரியுமாமா?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன். அதைக் காட்ட எனக்கு மூன்று பயணம் ஆனது. முதல் இரண்டிலும் பட்ட அவதிதான் மூன்றாவதைக் காப்பாற்றியது.

முதல் தடவை அரையாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசி. நல்லவேளை, அப்பா வரவில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். கோத்தகிரியில் காலை பதினொன்றுக்குச் சாவகாசமாகக் கிளம்பினோம். ஊரிலிருந்து கொடநாடு காட்சிமுனை ஏறக்குறைய 18 கிலோமீட்டர். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் சாலை, முனையோடு முடிந்துவிடுகிறது. கொடநாடு என்றால் பலருக்குச் செய்தியில் அடிபடும் எஸ்டேட்தான் நினைவுக்கு வரும். காட்சிமுனை அதையும் தாண்டி, மலையின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது.

போய் நின்றால் ஒன்றுமே இல்லை. வெள்ளை வேட்டியை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்த மாதிரி மூடுபனி. பக்கத்தில் நிற்பவரின் குடை மட்டும் தெரிகிறது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். பிள்ளைகள் மசாலா தடவிய மக்காச்சோளம் இரண்டு ரவுண்டு முடித்துவிட்டார்கள். "ஏனுங்க, இதுக்கு நம்மூர்லயே போர்வையப் போத்திட்டு உக்காந்திருக்கலாம்" என்றாள் மனைவி. டீக்கடை அக்காவிடம் கேட்டேன். "இந்த மாசத்துல உச்சிக்கு வந்தா எங்கிருந்துங்க தெரியும்? வெயில் காயற காலத்துல, காலைல எட்டு மணிக்கு வந்து பாருங்க" என்றார் சர்வ சாதாரணமாக.

அவர் சொன்னதில் எல்லாம் அடங்கிவிட்டது. கொடநாட்டுக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. காலையில் அது குளிர்ந்து கிடக்கும். வெயில் ஏற ஏறக் கீழே சூடாகிற காற்று ஈரத்தோடு மலைச்சரிவைப் பிடித்து மேலேறும். மேலே வர வரக் குளிர்ந்து மேகமாகும். அந்த மேகம் விளிம்பைத் தொடுகிற நேரம் பெரும்பாலும் பத்தரை, பதினொன்று. சுற்றுலா வந்தவர்கள் இட்லி சாப்பிட்டுக் குளித்துக் கிளம்பி வந்து சேர்கிற நேரமும் அதேதான். அதுவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாள் முழுக்க மூடியே கிடக்கும்.

கோத்தகிரிக்குப் பருவமும் ஊட்டி மாதிரி இல்லை. இடையில் தொட்டபெட்டா மலை, 2,637 மீட்டர் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் போல நிற்கிறது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழையின் கனத்தை அந்தப் பக்கத்து மலைகளே வாங்கிக்கொள்ளும். கோத்தகிரிக்குக் காற்றும் தூறலும்தான். இங்கே நல்ல மழை என்றால் அக்டோபர், நவம்பர். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட மண்சரிவும் இந்த மழையில்தான் நடந்தது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் காட்சி பார்க்க மலையேறுவதை நான் விட்டுவிட்டேன். ஜனவரி, பிப்ரவரி நல்லது, குளிர் மட்டும் கடிக்கும். மார்ச், ஏப்ரலில் வானம் வெளுத்திருந்தாலும் கீழே ஒரே புழுதிப் புகை, சமவெளி மங்கிப்போகும். அந்த மாதங்களில் ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை கிடைத்தால் விடாதீர்கள், கழுவித் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

அந்தப் பயணத்தின் இன்னொரு கூத்து, தங்கிய அறை. பள்ளத்தாக்கைப் பார்த்த அறை என்று சொல்லிக் கூடுதலாக வாங்கினார்கள். திரையை விலக்கினால் அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அதன் இடுக்கில் எட்டிப் பார்த்தால் பள்ளத்தாக்கு என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று தெரிந்தது, பொய் சொல்லக்கூடாது. இப்போதெல்லாம் பணம் கட்டும் முன் "அந்த ரூம் ஜன்னல்ல நின்னு இன்னைக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்டுவிடுகிறேன். அனுப்பத் தயங்கினால் அதுவே பதில்.

இறங்கும்போது இன்னொன்று. மேட்டுப்பாளையம் சாலையில் மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். பாதிவழியில் ரப்பர் கருகும் வாசனை, பெடல் மெத்தையில் கால் வைத்த மாதிரி அமுங்கியது. ஓரங்கட்டி அரைமணி நேரம் வண்டியை ஆறவிட்டோம். அங்கே நின்றிருந்த ஒரு வேன் டிரைவர் வந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்கணுங்க" என்றார். டிரைவிங் ஸ்கூலில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. மேலே ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

இரண்டாவது பயணம் நண்பர்களோடு, பைக்கில். குறி கேத்தரின் அருவி. சுமார் 250 அடி உயரம், இரண்டு அடுக்காக விழும். இந்தப் பக்கத்தில் காப்பித் தோட்டம் போட்ட காக்பர்ன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் மனைவி பெயர் அருவிக்கு ஒட்டிக்கொண்டது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் வழியில் அரவேனு. அங்கே பிரிந்து போனால் அருவி. போனோம். அங்கே இருந்தது ஓர் ஓடை. ஓடை கொஞ்ச தூரம் பாறைமேல் ஓடி விளிம்பில் காணாமல் போகிறது. சத்தம் கேட்கிறது, அருவியைக் காணோம்!

நாங்கள் நின்றது அருவியின் தலையில். தன் தலை தனக்குத் தெரியாது என்பது மாதிரிதான். எட்டிப் பார்க்கலாம் என்று ஒருவன் விளிம்புக்கு நகர, காலடியில் பாசி. சட்டையைப் பிடித்து இழுத்தோம். இப்படி எட்டிப் பார்க்கத் தோன்றுவதுதான் இங்கே ஆபத்து. எவ்வளவு எட்டினாலும் முழு அருவி தெரியப்போவதில்லை.

அருவியைப் பார்க்க வேண்டிய இடம் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், குன்னூரைச் சேர்ந்த டால்பின் நோஸ். குன்னூரிலிருந்து 12 கிலோமீட்டர் அளவில். மறுநாள் விடியற்காலையில் அங்கே போனோம். மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, எதிரே பச்சை மலையில் யாரோ பால் ஊற்றியது போல மெல்லிசாகக் கேத்தரின். முந்தின நாள் நாங்கள் தடுமாறிய விளிம்பு கொசு அளவுக்குத் தெரிந்தது. சத்தம்தான் வரவில்லை. நாங்கள் எட்டு மணிக்கே போய்விட்டதால் இடம் காலி. திரும்பும்போது அந்த ஒற்றையடிச் சாலை மாதிரியான சாலையில் எதிரே கார்கள் வரிசை கட்டி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. பைக் என்பதால் பிழைத்தோம்.

வழியில் லேம்ஸ் ராக் இருக்கிறது. கோவைச் சமவெளி கீழே விரியும். அழகுதான், ஆனால் டால்பின் நோஸ் பார்த்த கையோடு பார்த்தால் மனம் நிற்காது. இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் லேம்ஸ் ராக்கை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் பெயர்ப்பலகை வைத்த எல்லா முனையிலும் இறங்கி ஏறினால் பொழுதுதான் போகும். அன்றைக்கு ஒரு பாடம் உறைத்தது. எந்த முனைக்குப் போவதாக இருந்தாலும் அங்கே நின்றால் எதிரே என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பெயரைப் பார்த்துப் போகக்கூடாது.

மூன்றாவது பயணம்தான் அப்பாவோடு. பிப்ரவரி நடுவில், வேலை நாளாகப் பார்த்துப் போனோம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வெளியூர் வண்டி போக இ-பாஸ் வேண்டும். போனிலேயே பதிந்துவிடலாம், ஆனால் செக்போஸ்டில் நின்றுகொண்டு பதியலாம் என்று இருக்காதீர்கள், அங்கே டவர் உங்களுக்காகக் காத்திருக்காது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை. குஞ்சப்பனை செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடுவார்கள். அப்பா எவர்சில்வர் தூக்குப்போசியில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். சோதித்தவர் சிரித்துவிட்டு அனுப்பினார்.

குஞ்சப்பனை பலாமரத்துக்குப் பேர்போன இடம். பலா பழுக்கும் மே, ஜூன், ஜூலையில் யானைகள் பழத்துக்காகச் சாலையோரம் வரை வரும். அந்த மாதங்களில் இந்த வழியில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. கோத்தகிரியைச் சுற்றிக் காட்டெருமையும் கரடியும் தேயிலைத் தோட்டத்தில் நடமாடுவது அன்றாடச் சங்கதி. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் எந்தக் காட்சிமுனையிலும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முந்தின நாள் மதியமே ஏறிவிட்டோம். இதுதான் நான் கற்றதில் முக்கியமானது. சமவெளியிலிருந்து அதே நாளில் ஏறிக் காலைக் காட்சியைப் பிடிப்பது நடக்காத காரியம், அதுவும் எழுபதைத் தாண்டியவரை வைத்துக்கொண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் அவர் காது அடைத்தது. ஒரு வர்க்கி பிஸ்கட்டை மெல்லக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. ராத்திரி சீக்கிரம் படுத்து, ஆறரைக்கு எழுந்து, ஸ்வெட்டர், மப்ளர், அதன்மேல் ஒரு துண்டு என்று அவரைக் கட்டி உட்காரவைத்து, ஏழேகாலுக்குக் கிளம்பினோம்.

எட்டரைக்குள் முனையில் நின்றோம். எங்களைத் தவிர ஒரு புதுமணத் தம்பதி மட்டும். பள்ளத்தாக்கு பூராவும் திறந்து கிடந்தது.

முதலில் அப்பா ஒன்றும் பேசவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் நேரே கண்ணில் அடித்தது. கிழக்கு பார்த்த முனை என்பதால் காலையில் இந்தத் தொந்தரவு உண்டு. தொப்பியோ கையோ நெற்றிக்கு வேண்டும். அந்த வெயிலில் அணை நீர் உருக்கிய ஈயம் மாதிரி தகதகத்தது, கரையே தெரியவில்லை. "அவசரப்படாதீங்க, கொஞ்சம் ஏறட்டும்" என்றேன். போட்டோ எடுக்கிறவர்களும் முதல் அரைமணி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெயில் சற்று உயர்ந்த பிறகுதான் பள்ளத்தாக்குக்கு நிறம் வரும். மூடுபனி இல்லாத நாளானால் சாயங்காலம் நாலு மணி வெளிச்சம் முதுகுப் பக்கத்திலிருந்து விழுவதால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார்கள், எனக்கு அந்த யோகம் இன்னும் வாய்க்கவில்லை.

அதுவரை பக்கத்தில் இருப்பதைப் பார்த்தோம். தனியாக நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும் ரங்கசாமித் தூண். அதன் பக்கத்தில் 1,785 மீட்டர் உயரத்தில் ரங்கசாமி சிகரம், உச்சியில் கோயில், பூசை இருளர்களுடையது. காரமடையில் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு ரங்கநாதர் தனியாக இங்கே ஏறிவந்துவிட்டார் என்று ஒரு கதை. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "அப்ப நானும் வாய்க்கா கரைக்குப் போனது தப்பில்ல" என்றார்.

நேர் கீழே மாயாறு, பாம்பு சட்டை உரித்துப் போட்டது போல. ஆற்றை ஒட்டி ஒரு பச்சைத் துண்டு, அதுதான் தெங்குமரஹாடா. அதை அப்பாவே கண்டுபிடித்தார். அந்த ஊருக்கு ஒருமுறை போயிருக்கிறாராம். பவானிசாகரிலிருந்து காட்டு வழியாகப் பஸ், அப்புறம் மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அந்த ஊர் நிர்வாகப்படி நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கல்லை விட்டால் விழும் தூரம். சாலையில் போவதானால் மலையிறங்கி, எங்கள் ஊர் வந்து, காட்டைச் சுற்றிப் போக வேண்டும்.

எங்களுக்குக் கீழே ஒரு பெரிய பறவை இறக்கையை அசைக்காமல் வட்டமடித்தது. முதுகில் வெள்ளைத் திட்டு. வெண்முதுகுப் பாறு, பிணந்தின்னிக் கழுகு வகை. தமிழ்நாட்டில் அவை கூடு கட்டும் முக்கியமான இடம் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். பறக்கிற பறவையின் முதுகை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ஒன்பதரைக்கு அணை தெளிந்தது. நான் வாங்கிவைத்திருந்த பைனாகுலரைக் கொடுத்தேன். இந்த முனைக்குப் போவதாக இருந்தால் கேமராவை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரணமானது போதும். அப்பாவுக்குக் கண்புரை அறுவை ஆனதால் குவியம் பிடிக்கச் சிரமப்பட்டார். முதலில் ஒரு கண்ணில் மட்டும் பார்க்கச் சொன்னேன், பிடிபட்டது.

"கண்ணு, கரை கோடு போட்ட மாதிரி இருக்குது!" எட்டு கிலோமீட்டர் நீளமுள்ள மண் அணை அது. 1948-ல் வேலை தொடங்கி 1955-ல் முடித்தது. எத்தனையோ தடவை அதன்மேல் நடந்தவர், முழுதாக ஒரே பார்வையில் பார்ப்பது இப்போதுதான். பிறகு ஆரம்பித்தார். ஆற்றுமதகு எந்தப் பக்கம், வாய்க்கால் எங்கே பிரியும், டணாய்க்கன்கோட்டை தண்ணீருக்குள் எங்கே கிடக்கும் என்று. தண்ணீர் நன்றாக இறங்கும் வருடங்களில் அந்தக் கோட்டையின் பழைய கோயில் வெளியே தலைகாட்டும். 1819 ஜனவரியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறக் கிளம்பியது அந்த டணாய்க்கன்கோட்டையிலிருந்துதான். ஏறி வந்து சேர்ந்தது கோத்தகிரிப் பக்கம். அவருடைய வழியின் தொடக்கம் இப்போது அப்பாவின் அணைக்குள் கிடக்கிறது. புதுமணப் பெண் பக்கத்தில் வந்து நின்று கேட்க ஆரம்பித்தார். அப்பாவுக்குக் குரல் ஏறிவிட்டது.

"தண்ணி எவ்வளவு இருக்கும்னு நெனைக்கறீங்க?" என்று சீண்டினேன். முழு நீர்மட்டம் 105 அடி. நீர் விளிம்பை ஒட்டி வெளுத்த மண் பட்டை ஒன்று தெரிந்தது. அதன் அகலத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எம்பத்தாறு" என்றார்.

பத்தே முக்காலுக்குப் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து முதல் பஞ்சுத் துண்டு கிளம்பியது. பதினொன்றுக்குத் தெங்குமரஹாடா மறைந்தது. பத்து நிமிடத்தில் அணையும். அப்போதுதான் கார்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இறங்கிய ஒருவர், "எங்கீங்க வியூ?" என்று கேட்டார். என்ன சொல்வது? காலையில் எட்டு மணிக்கு வரச் சொன்னேன், டீக்கடை அக்கா மாதிரியே.

மூடுபனி நேரத்துக்கு வேறு இடம் வைத்திருந்தேன். ஒன்று, கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய 1819-ஆம் ஆண்டு பங்களா, இப்போது அருங்காட்சியகம். இன்னொன்று லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர், 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். சோலைக்கு மூடுபனிதான் அழகு, தூரப் பார்வை தேவையே இல்லை. ஆனால் அப்பா சல்லிவன் பங்களாவோடு போதும் என்றுவிட்டார். அங்கே படங்களைப் பார்த்துவிட்டு, "பாவம், அந்தக் காலத்துல கார் இல்லாம ஏறியிருக்கறான்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். அரவேனு தாண்டி ஒரு வளைவில் சமவெளி தெரிந்தது. நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம், பொழுதோடு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

மறுநாள் காலை பேப்பர்காரன் சைக்கிள் சத்தம் கேட்டதும் எனக்கு முன்னால் எழுந்து போயிருந்தார். நான் பல் துலக்கிவிட்டு வரும்போது திண்ணையில் பேப்பரை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுங்கப்பா?"

"எம்பத்து நாலு."

"ரெண்டு அடிதான தப்பு."

"என்ற கண்ணு சரியாத்தான் பாத்துது. உன்ற பைனாகுலர்லதான் என்னமோ கோளாறு."